முதுகுப் பக்கத்துக் கழுதை

எங்கள் நகரத்தின் கொடியில் இருப்பது கழுதை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது.

முத்திரையிலும் அதே கழுதைதான். பிறப்புச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, செத்தபிறகு தருகிற காகிதம் எல்லாவற்றிலும் வட்டத்துக்குள் ஒரு கழுதை நிற்கும். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சூளையிலிருந்து செங்கல் சுமந்து வந்து இந்த ஊரைக் கட்டியது கழுதைகள்தானாம். நூறு வருஷமாக யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை. மாநகராட்சிக்கு நூறு வயது நிறைகிறது, புதுக் கொடியும் புது முத்திரையும் வரைய ஒரு குழு போடலாம் என்றார்கள். குழு போட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? முதல் கூட்டத்திலேயே ஒரு உறுப்பினர் எழுந்து, கழுதை கேவலமாக இருக்கிறது, குதிரையாக மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் எங்கள் கடையில் உட்கார்ந்து டீ குடித்தபடி சொன்னவர் மாநகராட்சி ஹெட் கிளார்க். கழுதைக்காக மூன்று மாதம் மல்லுக்கட்டியதில் ஆபீஸில் அவருக்குக் கழுதைக்காரர் என்றே பேர் விழுந்துவிட்டது. அதில் அவருக்குப் பெருமைதான்.

"குதிரை என்னம்மா பண்ணுச்சு இந்த ஊருக்கு? மேல உக்காந்தவனைத் தூக்கிக் காட்டுச்சு, அவ்வளவுதான். ஊரை முதுகுல சுமந்தது கழுதை. அதைத் தூக்கிட்டுக் குதிரையைப் போடுவாங்களாம். நான் விடுவனா?"

விடவில்லை. கழுதை ஜெயித்தது. பழைய முத்திரையில் சோர்ந்து நின்ற கழுதை புது வரைபடத்தில் ஒரு காலைத் தூக்கி நடந்தது. மேல்பாதி நீலம், ஆற்றுக்காக. கீழ்பாதி செங்கல் நிறம், செங்கலுக்காக. நடுவில் வெள்ளைக் கழுதை, முதுகில் இரண்டு மூட்டை. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது சாய்ந்தும் இருந்தது.

"இந்தக் காது ஏன் சார் இப்படித் தொங்குது?" என்று கேட்டேன்.

"வரைஞ்ச ஆளுக்குக் கை வழுக்கிடுச்சு. குழுவுல கேட்டாங்க, இதுக்கு என்ன அர்த்தம்னு. நிமிர்ந்த காது மக்கள் குரலைக் கேக்குது, சாய்ஞ்ச காது மண்ணோட குரலைக் கேக்குதுன்னு எடுத்துவிட்டேன். கை தட்டுனாங்கம்மா!"

நாங்கள் கொடி தைக்கிறவர்கள். நாங்கள் என்றால் நானும் என் ஓரகத்தியும். நான் வீட்டுக்கு மூத்த மருமகள், அவள் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த சின்னவள். பள்ளிக்கூடக் கொடி, விளையாட்டுச் சங்கத்துக் கொடி, கப்பல் கம்பெனிக் கொடி என்று பதினேழு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே தைக்கிறோம். முன் அறையில் தெருவைப் பார்த்து என் மெஷின். பின் அறையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து அவள் மெஷின். நடுவில் துணி வெட்டுகிற பெரிய மேஜை. இஸ்திரி, ஓரத்தையல், கயிறு கோர்ப்பது எல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு.

கழுதைக்காரர் அன்றைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு விஷயத்தை மூன்று தரம் சொன்னார்.

"கழுதை எப்பவும் கம்பத்தைப் பாத்துதான் நடக்கணும். கொடி பறக்குறப்ப கம்பம்தான் முன்னாடி, துணி பின்னாடி வரும். கம்பத்தைப் பாத்தா ஊரு முன்னேறுதுன்னு அர்த்தம். திரும்பி நின்னுச்சுன்னு வைங்க, ஊரு வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடுதுன்னு ஆயிடும். குதிரைக்காரர் முதல் வரிசையில உக்காந்து பாத்துட்டே இருப்பாரு. என் மானம் உங்க ரெண்டு பேர் கையிலயும் இருக்கு."

ரெண்டு பேர் என்றதும் நான் கத்தரிக்கோலைப் பார்த்தேன். பின் அறையில் மெஷின் ஒரு நிமிஷம் நின்று திரும்ப ஓடியது. பாவம், அவருக்கு என்ன தெரியும்? அந்த ரெண்டு பேரும் பேசி நாலு மாதம் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார். என்னை மெஷின் முன்னால் உட்கார வைத்துப் படம் எடுத்தார். "எல்லாக் கொடியும் நீங்களே தைக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே வந்ததா என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் என் முகத்தைப் பெரிதாகப் போட்டு, நகரத்தின் கொடிகளுக்குப் பின்னால் ஒரே ஒரு பெண் என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள்.

சின்னவள் அதை நிதானமாகப் படித்தாள். "ஒரே ஒருத்தின்னு போட்டிருக்கு. அப்ப நான் யாருக்கா? மெஷினா?" என்றாள்.

நான் அப்போதாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒரு போட்டோவுக்கு இத்தனை அலட்டலா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பேப்பரை நாலாக மடித்து மெஷின் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நானும் என் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நூல் வேண்டுமென்றால்கூட நடுவில் என் வீட்டுக்காரர்தான் ஓடவேண்டும். "அண்ணிக்கிட்ட நீல நூல் இருக்கான்னு கேளுங்க மாமா" என்று அங்கிருந்து வரும். "இருக்குன்னு சொல்லுங்க" என்று இங்கிருந்து போகும். என்னை அக்கா என்று கூப்பிட்ட வாய், அண்ணியாக்கிவிட்டது. அது எனக்கு ஊசி குத்தினாற்போல இருக்கும். காட்டிக்கொள்வேனா?

போன வாரம் என் வீட்டுக்காரர் இன்னொரு சேதியும் கொண்டு வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் சின்னவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, நகரக் கொடியை முடித்துக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை சேர்கிறாள் என்றார்.

"போகட்டும், யாரு பிடிச்சு வச்சிருக்கா?" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் போய்விட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான். வேலைக்கு ஆள் கிடைக்கும். துணியைத் தொட்டதும் அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்கிற ஆள் கிடைக்காது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் தெருவில் போகிறவர்களைப் பற்றி என்னோடு சேர்ந்து புறணி பேசுகிற ஆளும் கிடைக்காது. போகாதே என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. என் பிறவிக் குணம் அப்படி.

சரி, கொடிக்கு வருகிறேன்.

பெரிய கொடிக்கு இரண்டு பக்கமும் தனித்தனித் துணி. நடுவில் ஒரு கறுப்புத் துணி, ஒரு பக்கத்துப் படம் மறுபக்கம் தெரியாமலிருக்க. எங்கள் கடையில் முன்பக்கத்தை முகம் என்போம், பின்பக்கத்தை முதுகு என்போம். முகத்தில் கழுதை இடதுபக்கம் பார்க்கும், ஏனென்றால் கம்பம் அங்கேதான் வரும். முதுகில் அதே கழுதை வலதுபக்கம் பார்க்கவேண்டும், பின்னாலிருந்து பார்த்தால் கம்பம் வலதுபக்கம் அல்லவா? அதனால் உருவம் வெட்டிய அட்டையைத் திருப்பிப் போட்டு வரைய வேண்டும். மறந்துவிடாமலிருக்க அட்டையின் ஒரு புறம் 'முகம்' என்றும் மறுபுறம் 'முதுகு' என்றும் எழுதி வைப்போம்.

கத்தரியை எடுப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. நான் உரக்கக் கேட்பேன்: "முகம் எனக்கு, முதுகு உனக்கு, சரியா?" அவள் "சரிக்கா" என்பாள். அதன்பிறகுதான் துணியில் கத்தரி விழும். பதினேழு வருஷத்தில் ஒரு கொடிக்கும் அது தப்பியதில்லை. இந்தக் கொடிக்கு நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எப்போதும் போலத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையை முதலில் எடுத்தது அவள். அவள் பக்கத்தை வெட்டி முடித்துவிட்டு அட்டையை மேஜைமேல் வைத்திருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது 'முதுகு' மேலே தெரிந்தது. முதுகு வெட்டியவள் அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், திருப்பி வைக்கக்கூட உடம்பு வணங்கவில்லை பார் என்று முணுமுணுத்துக்கொண்டே 'முகம்' மேலே வரும்படி திருப்பினேன். கழுதையை வெட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, அழகான கழுதை. மூன்று நாள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தைத்தேன்.

என் வீட்டுக்காரர் இரண்டு துணியையும் நல்ல பக்கம் உள்ளே போகும்படி வைத்து, தலையணை உறை மாதிரி மூன்று ஓரம் தைத்து, வெளியே திருப்பி, மீதி ஓரத்தில் கம்பத்துப் பட்டையும் வைத்துத் தைத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு விழா. அன்று காலை ஒன்பதரைக்கு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். முகப் பக்கத்தைத் தேய்த்தார். கொடியைப் புரட்டினார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என்னம்மா இது," என்றார். "அந்தப் பக்கம் கழுதை வேலைக்குப் போகுது. இந்தப் பக்கம் வீட்டுக்குத் திரும்பிடுச்சே?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். பின்பக்கத்துக் கழுதை கம்பத்துக்கு வாலைக் காட்டிக்கொண்டு நடந்தது. ஊர் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறது. குதிரைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

பின் அறையிலிருந்து சின்னவள் வந்தாள். பார்த்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"நீங்க முகத்தையா வெட்டுனீங்க?"

"பின்ன? எப்பவும் முகம் என்னுதுதானே! நீ ஏன்டி முதுகை வெட்டலை?"

"அட்டையைத் திருப்பி வச்சிட்டுத்தானே போனேன்! முதுகுன்னு கொட்டை எழுத்துல தெரியலையா?"

"நீ வெட்டிட்டு அப்படியே போட்டுட்டேன்னு நெனச்சேன். திருப்பி வச்சேன்."

"ஏன் திருப்புனீங்க?"

"நீ ஏன்டி முகத்தை எடுத்த?"

அவள் கொடியின் ஓரத்தை விரலால் நீவினாள். "இது நான் தைக்கிற கடைசிக் கொடி. ஒரு தடவையாச்சும் முகம் தைக்கலாம்னு ஆசையா இருந்துச்சு. கேட்டா தருவீங்களான்னு தெரியலை. அதான் அட்டையை வச்சுட்டுப் போனேன். பாத்துப் புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. பதினேழு வருஷம். முகம் எனக்கு, முதுகு உனக்கு, சரியா? அதைக் கேள்வி மாதிரித்தான் கேட்டேன், ஆனால் ஒரு நாளும் அது கேள்வியாக இருந்ததில்லை. அவள் சரி என்று சொன்னதைக் கேட்டேனே தவிர, சரியா என்று யோசித்ததில்லை. இரண்டு கழுதைகளையும் பார்த்தேன். இரண்டும் முகம். இந்த வீட்டில் யாருமே முதுகு தைக்கவில்லை.

"சண்டையை அப்புறம் வச்சுக்குங்க, மணி ஓடுது," என்றார் என் வீட்டுக்காரர். "ஒரு பக்கத்தைப் பிரிச்சுப் புதுசா தைக்கணும். பழைய துணியில ஊசித் தடம் தெரியும். நீலமும் செங்கலும் மிச்சம் இருக்கு. எந்தப் பக்கத்தைப் பிரிக்கட்டும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் தையல் பிரிக்கிற கத்தியை எடுத்து என் கழுதையின் காலடியில் வைத்துவிட்டேன். அதுதான் மூன்று நாள் தைத்த அழகான கழுதை. மனசு கேட்கவில்லை, பொய் சொல்வானேன்.

"முகம் உனக்கு, முதுகு எனக்கு," என்றேன். "சரியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "முதுகு வெட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"வாயைப் பாரு! அட்டையைத் திருப்பிப் போட்டா முதுகு. இதுல என்ன வித்தை இருக்கு?"

வித்தை இருந்தது. இடது வலது மாறினால் கையும் மாறவேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எப்போதும் வளைக்கிற பக்கத்துக்கு எதிராக வளைக்க வேண்டியிருந்தது. வால் முடிகிற இடத்தில் மூன்று தரம் நூல் அறுந்தது. சாய்ந்த காது இன்னும் சாய்ந்து போனது. பதினோரு மணிக்கு அவள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துணியின் மறுமுனையைப் பிடித்து, நான் திருப்புகிறதற்கு அரை நொடி முன்னாலேயே திருப்பிக் கொடுத்தாள். மத்தியானம் ரொட்டியை ஆளுக்கொரு கையில் வைத்துக்கொண்டே தைத்தோம். வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. "இழுங்க." "விடு." "அங்க இல்லை, இங்க." நாலேகாலுக்கு என் வீட்டுக்காரர் கடைசி முடிச்சைப் போட்டார். கொடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். இரண்டு கழுதையும் கம்பத்தைப் பார்த்தன. முதுகுப் பக்கத்துக் கழுதையின் வால் மட்டும் கொஞ்சம் கோணல்.

"உங்க கழுதை வாலை ஆட்டிக்கிட்டே நடக்குது," என்றாள் சின்னவள்.

விழா மேடை மாநகராட்சி வாசலில். கூட்டம் தெருமுனை வரை நின்றது. முதல் வரிசையில் குதிரைக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கழுதைக்காரர் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று புருவத்தைத் தூக்கினார். நான் தலையை ஆட்டினேன். மேயர் கயிற்றை இழுத்தார்.

கொடி ஏறியது, பிரிந்தது, அரை நிமிஷம் தொங்கியது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. எப்போதும் அந்தச் சாலையில் காற்று எதிர்ப்பக்கமிருந்துதான் வீசும். அன்றைக்கென்று மாறி வந்து கொடியை அந்தப் பக்கமாக விரித்தது. கூட்டத்துக்குத் தெரிந்தது முதுகு. வாலை ஆட்டுகிற என் கழுதை! எல்லோரும் கை தட்டினார்கள். கேமராக்கள் சிமிட்டின. கழுதை கம்பத்தைப் பார்த்துத்தான் நடந்தது என்பதால் குதிரைக்காரர்கூட வேறு வழியில்லாமல் இரண்டு தட்டுத் தட்டினார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் ஆயுசுக்கு ஒரு முகம் தைத்திருக்கிறாள், அதையும் ஊர் பார்க்கக்கூடாதா? நாளைக்குப் பேப்பரில் வரப்போவதும் என்னுடையதா? "வாடி," என்று அவள் கையைப் பிடித்தேன். "எங்கக்கா?" என்றாள். அக்கா! அதை ஆற அமரக் கேட்டுச் சந்தோஷப்பட நேரமில்லை. "பின்னாடி போவோம். அங்கிருந்துதான் உன் கழுதை தெரியும்."

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். மேடைக்குப் பின்னால் தட்டி கட்டி அடைத்திருந்தார்கள். வழி தெரியாமல் முழித்தேன்.

"அந்தப் பக்கம் வழி இல்லை," என்றாள். "ஜெனரேட்டருக்குப் பக்கத்துல தட்டி திறந்திருக்கும். வாங்க."

அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். தட்டியை விலக்கி உள்ளே நுழைந்தோம். ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிற ஆள் அவளைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"என்னக்கா, இன்னைக்கு லேட்டு? கூட ஆளு வேற கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

நான் அவளைப் பார்த்தேன். அவள் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பவும் இங்கதான் வருவியா?"

"எங்க கொடி ஏத்துனாலும் பின்னாடிதான் போய் நிப்பேன். என் பக்கம் இங்கிருந்துதானே தெரியும்?" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

ஒவ்வொரு விழாவிலும் கொடி ஏறுகிற நேரத்துக்கு இவள் காணாமல் போய்விடுவாள். திமிர் என்று நினைத்திருக்கிறேன். கூட்டம் பிடிக்காதவள் என்று நினைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரரிடம் எத்தனையோ தரம் குறை சொல்லியிருக்கிறேன். நான் முன்னால் நின்று கை தட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோதெல்லாம், இவள் புகை நாற்றத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் முதுகைத் தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

தலைக்கு மேலே அவளுடைய முகம் பறந்தது. சுத்தமான தையல். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது சாய்ந்து, கம்பத்தை நோக்கிக் காலைத் தூக்கி வைத்தது கழுதை. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும், சொன்னேன்.

"தெரியும்," என்றாள்.

"திங்கக்கிழமை போகாதடி. நீ இல்லாம என்னால முடியாது. அந்தப் பேப்பர்காரன்கிட்ட நான் சொன்னது தப்பு. தெரிஞ்சேதான் சொல்லியிருக்கேன்னு நெனக்கிறேன்."

ஜெனரேட்டர் இரைச்சலில் கேட்டதோ இல்லையோ என்று இன்னும் சத்தமாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கொடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அடுத்த கொடிக்கு முகம் யாருக்கு?"

"உனக்கு."

"அதுக்கடுத்த கொடிக்கு?"

உனக்கு என்று சொல்லத்தான் நினைத்தேன். பதினேழு வருஷப் பழக்கம் ஒரே சாயங்காலத்தில் போய்விடுமா?

"அதை அப்பப் பேசிக்கலாம்," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நாலு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. "கம்பெனி பஸ்ஸு காலையில ஆறு மணிக்காம். எனக்கு அவ்வளவு சீக்கிரம் எந்திரிக்க வராது," என்று சொல்லி நாற்காலியில் பாதி நகர்ந்து உட்கார்ந்தாள். "நிக்காதீங்க, காலையிலிருந்து மெதிச்ச கால். உக்காருங்கக்கா."

அந்த நாற்காலியில் இரண்டு பேர் உட்கார இடமே இல்லை. இருந்தாலும் இடித்துப் பிடித்து உட்கார்ந்தேன்.